யூடிவி வண்டிக்கு எந்த முன்கண்ணாடி? உறுப்பினர் கேள்விகளும் பதில்களும்

பண்ணை வேலைக்கும் கரடுமுரடான தடங்களுக்கும் ஏற்ற, பக்கங்கள் திறந்த சிறு நான்கு சக்கர வண்டியே யூடிவி. போலாரிஸ் ரேஞ்சர், கேன்-ஆம் டிஃபெண்டர், ஹோண்டா பயனியர் போன்ற யூடிவி வண்டிகள் பெரும்பாலும் முன்கண்ணாடி இல்லாமலேயே விற்கப்படுகின்றன. எதை வாங்கிப் பொருத்துவது என்று பல ஊர்களிலிருந்து உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இவ்வண்டிகளுக்குத் துணைப்பாகங்கள் பொருத்தும் பணிமனையில் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (டெக்சாஸ்): பண்ணையில் வேலியோரம் சுற்றி வரவும் தீவனம் ஏற்றவும் ரேஞ்சர் வைத்திருக்கிறேன். கடையில் அக்ரிலிக், பாலிகார்பனேட் என்ற இரண்டு பிளாஸ்டிக் வகைகள், கண்ணாடி என்று மூன்று விலை சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன், வைப்பர் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வேண்டும் என்றால், இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடியைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேறு படிந்த பிளாஸ்டிக் தகட்டின் மேல் ஓடும் வைப்பர் உப்புத்தாளைப் போல வேலை செய்து, ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே பிறை வடிவில் ஒரு மங்கலை உண்டாக்கிவிடும்.

வைப்பர் தேவையில்லை என்றால் பாலிகார்பனேட் போதும். அக்ரிலிக் மலிவானது, பார்வைக்கும் தெளிவானது. ஆனால் கல் பட்டாலோ, துளையிட்ட இடத்தில் திருகை அதிகமாக இறுக்கினாலோ விரிசல் விடும். வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு அதை வாங்குவதில் தவறில்லை. பாலிகார்பனேட் அடி வாங்கினால் உடையாமல் வளைந்து மீளும். அதன் குறை மேற்பரப்பின் மென்மைதான். அதனால்தான் அதன் மேல் கடினப் பூச்சு கொடுக்கிறார்கள். வெளிப்புறம் மட்டும் பூசிய தகடு சற்று மலிவாகக் கிடைக்கும், ஆனால் உள்பக்கத் தூசியைக் கையால் துடைக்கப் போவது நீங்கள்தான் என்பதால், இருபுறமும் பூசியதா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பகுதியில் நம்மூர் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட் மரம் மிகுதி. அதன் முட்கள் பூச்சில்லாத தகட்டை ஒரே பருவத்தில் கீறித் தள்ளிவிடும்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். 6 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 15 கிலோ இருக்கும். அதே அளவு பாலிகார்பனேட் 7 கிலோவைச் சற்றுத் தாண்டும். கோடையில் கழற்றி வைக்க நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கையிலேயே தெரியும்.

கேள்வி (யூட்டா, மோவாப்): முழு முன்கண்ணாடி போட்ட பிறகு வண்டிக்குள் தூசி முன்னைவிட அதிகமாகிவிட்டது. பொருத்தியதில் பிழையா?

பதில்: பொருத்தியதில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு, காற்று அப்படித்தான் நடந்துகொள்ளும். ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. முன்பக்கம் திறந்திருந்தவரை எதிர்க்காற்று உள்ளே புகுந்து பின்வழியாக வெளியேறி, தூசியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அந்த வழியை நீங்கள் முழுவதுமாக அடைத்துவிட்டதால், பின்சக்கரங்கள் கிளப்பும் தூசி திரும்பிச் சுழன்று உங்கள் பிடரியில் வந்து விழுகிறது. புகைபோக்கியின் புகையும் அதே வழியில் வரக்கூடும் என்பதால் இதை வெறும் அழுக்குப் பிரச்சினையாக நான் பார்ப்பதில்லை.

தீர்வு இரண்டு வகை. ஒன்று, இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு பின்தகடு பொருத்துவது. கூரையும் இருந்தால்தான் அது முழுப்பயன் தரும். மற்றொன்று, முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் திறந்து மூடும் காற்றுவழிகள் கொண்டதையோ, மேல்நோக்கித் திறக்கும் வகையையோ தேர்ந்தெடுத்து, தூசித் தடங்களில் அதைத் திறந்து வைத்து ஓட்டுவது. பணம் செலவழிப்பதற்கு முன், உங்கள் சொந்த நிலத்தில், பின்பக்கத்தைத் தார்ப்பாயால் தற்காலிகமாக மறைத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தூசி குறைந்தால் பின்தகடு உங்களுக்கு உதவும். என்னிடம் கேட்டால், மூடிய கேபின் வேண்டாதவர்கள் பெரும்பாலோர் முழுக்க அடைத்த முன்கண்ணாடியை வாங்கவே வேண்டியதில்லை. விளம்பரப் படங்களில் அது அழகாக இருப்பதே அதன் விற்பனைக்குப் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி (கலிஃபோர்னியா): அப்படியானால் பாதி உயர முன்கண்ணாடியே போதுமா?

பதில்: மார்பில் அடிக்கும் காற்றையும் தெறிக்கும் சேற்றையும் அது தடுக்கும், தூசிச் சுழலும் குறையும். ஆனால் அதன் மேல்விளிம்பைத் தாண்டும் காற்று உயரமானவர்களின் முகத்தில் நேராக அடிக்கும். கண்ணுக்குக் காகிள்ஸ் கட்டாயம். வாங்குமுன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, விளிம்பு உங்கள் பார்வைக் கோட்டில் குறுக்கிடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி (மினசோட்டா): பனி தள்ளப் பயன்படுத்துகிறேன். பழைய தகடு திருகுத் துளைகளில் விரிசல் விட்டது. புதியதைப் பாலிகார்பனேட்டில் வாங்கினால் சரியாகுமா?

பதில்: பொருளை மட்டும் மாற்றினால் போதாது, பொருத்தும் முறையையும் மாற்ற வேண்டும். 1.2 மீட்டர் அகலமுள்ள பாலிகார்பனேட் தகடு, மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரிலிருந்து 30 டிகிரி செல்சியஸ் வெயிலுக்கு வரும்போது ஏறக்குறைய 5 மி.மீ. நீள்கிறது, அதைத் தாங்கும் எஃகுச் சட்டமோ 1 மி.மீ. அளவுகூட நீள்வதில்லை. எனவே திருகைவிடத் துளை பெரிதாக இருக்க வேண்டும், இடையில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும், திருகைத் தகடு சற்று நகரும் அளவுக்கே இறுக்க வேண்டும். துளையே இல்லாமல் கிளாம்புகளால் சட்டத்தைப் பற்றும் வகை இன்னும் நல்லது. ஆனால் கிளாம்ப் வாங்கும்போது வண்டியின் கூண்டுச் சட்டக் குழாயின் அளவையும் வடிவத்தையும் சரிபாருங்கள்: 1.75 அங்குலத்துக்கும் 2 அங்குலத்துக்கும் தனித்தனிக் கிளாம்புகள் உண்டு, ரேஞ்சரில் வரும் 'புரோ-ஃபிட்' என்ற வகைச் சட்டத்தின் குழாய் உருண்டையே அன்று.

உங்கள் பயன்பாட்டுக்கு, செலவானாலும், வைப்பருடன் கூடிய லேமினேட் கண்ணாடியே ஏற்றது. பனி ஈரமாக ஒட்டும் நாளில் கையால் துடைத்துக்கொண்டே தள்ள முடியாது. உள்ளே ஆவி படிவதற்குக் காற்றோட்டமே மருந்து. கதவுகளையும் அடைத்து ஓட்டுபவராக இருந்தால் சூடேற்றியின் காற்றைக் கண்ணாடியின் அடிப்பகுதிக்குத் திருப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி (துபாய்): வாடகைக்கு விடும் யூடிவி வண்டிகளைப் பராமரிக்கும் மெக்கானிக் நான். மணல் மேடுகளில் ஓடும் வண்டிகளுக்கு முன்கண்ணாடி போடச் சொல்கிறார் முதலாளி. உங்கள் கருத்து என்ன?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. பறக்கும் மணல் எந்தப் பூச்சையும் மெல்ல அரிக்கும். மாலை வெயில் எதிரே அடிக்கும்போது அந்த நுண்கீறல்கள் ஒளியைச் சிதறடித்து, மேட்டின் உச்சிக்கு அப்பால் சரிவு எங்கே தொடங்குகிறது என்பதை மறைத்துவிடும். அனுபவமில்லாத வாடிக்கையாளருக்கு அது ஆபத்து. முகத்தை முழுதும் மூடும் ஹெல்மெட்டுக்கும் நல்ல காகிள்ஸுக்கும் அந்தப் பணத்தைச் செலவிடச் சொல்லுங்கள். வண்டி உருண்டால் காப்பது கூண்டுச் சட்டமும் சீட் பெல்ட்டும்தான், முன்கண்ணாடி அன்று என்பதையும் அவரிடம் எடுத்துச் சொல்லலாம்.

கேள்வி (அரிசோனா): பொதுச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய விரும்புகிறேன். எதையாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் உங்கள் மாநில வாகனத்துறையின் நிபந்தனைகளை முதலில் படியுங்கள். கண்ணாடியின் மூலையில் 'ஏஎஸ்1' என்ற முத்திரை இருந்தால், அது சாலை வாகன முன்கண்ணாடிக்கான அமெரிக்கத் தரத்தைச் சேர்ந்தது என்று பொருள். பாலிகார்பனேட் தகடுகளுக்கு அந்த முத்திரை கிடைக்காது.

கேள்வி (ஜார்ஜியா): டிரெய்லரில் ஏற்றி நெடுஞ்சாலையில் கொண்டுபோகும்போது கழற்ற வேண்டுமா?

பதில்: மடக்கும் வகையையும் பாதி உயர வகையையும் கழற்றிவிடுங்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், தடத்தில் 35 மைல் வேகத்தில் தாங்கிய கிளாம்ப் 70 மைலில் நான்கு மடங்கு விசையை எதிர்கொள்கிறது. வண்டியைப் பின்னோக்கி ஏற்றினால் காற்று உள்ளிருந்து தகட்டை வெளியே தள்ளும். கிளாம்புகள் அந்தத் திசைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கேள்வி (மிச்சிகன்): பாலிகார்பனேட்டை எதைக் கொண்டு துடைப்பது?

பதில்: முதலில் ஏராளமான நீரை ஊற்றி மண்ணைக் கழுவி விடுங்கள், பிறகு பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பு நீரும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், பெட்ரோல், அசிட்டோன், பெட்ரோல் பங்கில் வைத்திருக்கும் துடைப்பான், காகிதத் துண்டு ஆகியவற்றை அருகில் கொண்டுவராதீர்கள். பலர் அறியாத ஒன்று, 'டீட்' என்ற வேதிப்பொருள் கலந்த கொசுவிரட்டியும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அதைப் பூசிய கையால் தகட்டைத் தொட்டால் விரல் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடலாம். கீறல் விழுந்த தகட்டைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முயன்றால் கடினப் பூச்சும் சேர்ந்து போய்விடும். பார்வைக் கோட்டில் கீறல் மிகுந்தால் தகட்டை மாற்றுவதே வழி.