சமையல் ஆப்பிள் என்று தனியாக விற்பது ஏமாற்று வேலையா?

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், கடையில் 'சமையல் ஆப்பிள்' என்று தனியாக வைத்திருப்பது வியாபாரத் தந்திரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நிஜமாகவே அது வேறு ரகம்.

நீங்களும் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது மட்டும் ஆப்பிள் வாங்கும் வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருப்பீர்கள். நமக்கு ஆப்பிள் என்றால் சிவப்பு, இனிப்பு, கொஞ்சம் மாவு. இங்கே சமையலுக்கென்றே விற்கும் பிராம்லி ரகம் அப்படியில்லை. பச்சையாக, கோணல்மாணலாக, பெரிதாக இருக்கும். கடித்தால் பல் கூசும். புளிப்பு தரும் மாலிக் அமிலம் அதிகம், சர்க்கரை குறைவு. அடுப்பில் வைத்தால் சீக்கிரமே குழைந்துவிடும், ஆனால் புளிப்பு போகாது. காலா என்ற சாப்பிடும் ஆப்பிள் வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், சப்பென்ற இனிப்புதான் மிஞ்சும்.

நான் இருப்பது நாட்டிங்ஹாம். பக்கத்து வீட்டுப் பாட்டி அக்டோபர் வந்தால் ஒரு பை பிராம்லியை வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவர் அதை வைத்து ஆப்பிள் பை (pie), கிரம்பிள் என்று இனிப்புப் பண்டங்கள் செய்வார். நான் தோல் சீவித் துருவி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த்தூள், உப்பு, வெந்தயப்பொடி போட்டுத் தொக்கு கிண்டுவேன். மாங்காயைவிட நீர் அதிகம் விடும், எண்ணெய் பிரியும் வரை பொறுமை வேண்டும். துண்டு ஊறுகாய் வேண்டுமென்றால் வேகவே விடாதீர்கள், தாளித்ததை மேலே கொட்டினால் போதும். "மாங்காய்க்கு ஈடாகுமா?" என்று சண்டைக்கு வருபவர்கள், டிசம்பரில் இங்கே ஒரு மாங்காய் என்ன விலை என்று பார்த்துவிட்டு வரட்டும்.

பிராம்லி பிறந்த சவுத்வெல் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 1809-இல் விதை போட்டது மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற பெண். 1846-இல் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக் கடைக்காரர் பிராம்லியின் பெயர்தான் பழத்துக்கு நிலைத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பொங்கல் விழா ஞாபகம்தான் வந்தது. என் தொக்கு பாட்டிலைக் கமிட்டிக்காரர் ஒருவர் கையில் பிடித்துப் படம் எடுத்து, 'எங்கள் வீட்டு மாங்காய்த் தொக்கு' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மாங்காய் என்று ஏமாந்தது எனக்குப் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'எங்கள் வீட்டு'? சமைப்பது பெண்கள், மேடையில் சால்வை கமிட்டிக்காரர்களுக்கு. சந்தா மட்டும் எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்குகிறார்கள்.

சரி, சாப்பிட எது என்றும் கேட்டிருந்தீர்கள். காக்ஸ் என்ற ரகம். செப்டம்பர் கடைசியில் உள்ளூர்ப் பழம் வரத் தொடங்கும். காதருகே வைத்துக் குலுக்குங்கள், நன்றாகப் பழுத்திருந்தால் உள்ளே விதை கடகடக்கும்.