மண்டபம் முகாமில் பிறந்தவருக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா?

வணக்கம் சகோதரி. அப்பா அம்மா இருவரும் இலங்கைக் குடிமக்கள், நீங்கள் 1986 நவம்பரில் மண்டபம் முகாமில் பிறந்தவர், "அகதிக்குப் பாஸ்போர்ட் கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

1955 குடியுரிமைச் சட்டம், பிரிவு 3(1)(அ): 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்பதை அது பார்ப்பதில்லை. தூதர் வீட்டுப் பிள்ளை போன்ற சில விலக்குகள்தான் உண்டு. உங்களைப் போலவே 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்த தேதியும் ஊரும்தான் உங்கள் வழக்கின் உயிர். அப்புறம், நிராகரிப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதற்கிடையில் இலங்கைக் குடியுரிமைக்குப் பதிய வேண்டாம். நாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் பிரிவு 9-ன்படி இந்தியக் குடியுரிமை போய்விடும்.

தம்பி 1989-ல் பிறந்தவர் என்பதுதான் எனக்கு வருத்தம். 1.7.1987 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவருக்கு இந்த வழி உதவாது. அவர் தாள்களைத் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.