பழைய ஹைப்போவைப் பயன்படுத்தலாமா, கொட்டலாமா?

கேள்வி: தாத்தாவின் ஸ்டுடியோ மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டார்க் ரூமை ஒழித்தபோது 'ஃபிக்ஸர்' (பிலிமில் வந்த படத்தை நிலைக்கவைக்கும் கரைசல், ஹைப்போ என்றும் சொல்வார்கள்) என்று எழுதிய பிளாஸ்டிக் கேன் ஒன்று பாதி நிரம்பிய நிலையில் கிடைத்தது. பிரிக்காத ஹைப்போ பவுடர் பாக்கெட் இரண்டும், லேபிள் உதிர்ந்த சில பாட்டில்களும் இருக்கின்றன. நான் இப்போது கருப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவுகிறேன். இவற்றைப் பயன்படுத்தலாமா? உடம்புக்கு ஆபத்து உண்டா?

பதில்: முதலில் அந்த லேபிள் இல்லாத பாட்டில்கள். அவற்றைத் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். பழைய ஸ்டுடியோக்களில் ஹைப்போவும், படத்தை வரவழைக்கும் டெவலப்பரும் மட்டும் இருந்ததில்லை. மங்கலான நெகட்டிவை அழுத்தமாக்க மெர்குரிக் குளோரைடு வைத்திருந்தவர்கள் உண்டு. அது வெள்ளைப் பவுடர், கொடிய விஷம். ஆரஞ்சு நிறப் படிகமாக இருந்தால் பொட்டாசியம் டைகுரோமேட்டாக இருக்கலாம், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வெள்ளையாக இருப்பதெல்லாம் ஹைப்போ இல்லை. என்னவென்று கண்டுபிடிக்க அமிலம் ஊற்றிப் பார்ப்பது போன்ற பள்ளிக்கூட சோதனையெல்லாம் வேண்டாம். உள்ளே இருப்பது சயனைடு உப்பாக இருந்தால் அந்த ஒரு சோதனையே போதும், உயிரை வாங்கிவிடும். மூடியபடியே தனியாக எடுத்து வையுங்கள். அருகில் உள்ள கல்லூரியின் வேதியியல் துறையிலோ, அபாயக் கழிவு எடுப்பவர்களிடமோ கேட்டு ஒப்படையுங்கள்.

இனி ஃபிக்ஸருக்கு வருவோம். ஃபிக்ஸர் பழசானதால் புதிதாக விஷமாகிவிடுவதில்லை. அதில் வேலை செய்யும் முக்கியப் பொருள் தயோசல்பேட் உப்பு. சாதா ஹைப்போ என்றால் சோடியம் தயோசல்பேட், ரேபிட் ஃபிக்ஸர் என்றால் அம்மோனியம் தயோசல்பேட். ஜான் ஹெர்ஷல் 1819-லேயே இதன் குணத்தைக் கவனித்தார், 1839-இல் புகைப்படத்துக்குப் பயன்பட ஆரம்பித்தது. டெவலப்பரில் மாறாமல் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து வெளியே எடுப்பதுதான் இதன் வேலை. அமிலம் கலந்த கரைசலில் தயோசல்பேட் மெல்ல உடையும். கந்தகம் தனியே பிரியும், சல்பர் டை ஆக்சைடு வாயு கிளம்பும். இதைத் தடுக்கத்தான் சோடியம் சல்பைட் சேர்க்கிறார்கள். கேனில் பாதி காற்று இருந்தால் அந்த சல்பைட் காற்றோடு சேர்ந்து தீர்ந்துபோகும். அது தீர்ந்ததும் கந்தகம் பிரிய ஆரம்பித்துவிடும். நம் ஊர் வெயில் இதை இன்னும் வேகப்படுத்தும். கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் ஆயுள், திறக்காத திரவத்துக்கு இரண்டு வருடம் போல, கலந்து வைத்ததற்குச் சில மாதம். உங்கள் கேன் அந்தக் கணக்கையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

கேனை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் வெளிர் மஞ்சள் பொடி, அல்லது திரவமே பால் கலந்த மாதிரி மங்கல், கூடவே தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறும் நெடி இருந்தால் கந்தகம் பிரிந்துவிட்டது. வடிகட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. பொடியைத்தான் வடிகட்ட முடியும், உடைந்துபோன தயோசல்பேட்டை மீட்க முடியாது. அந்தப் பொடி ஈரமான பிலிம் மேல் ஒட்டினால் போகவும் போகாது. கொழகொழவென்று வெள்ளை வண்டல் இருந்தால் அது வேறு விஷயம். படிகாரம் சேர்த்த ஃபிக்ஸரில் அமிலம் குறைந்தால் அலுமினியம் இப்படிப் படியும். கறுப்புத் துகள்கள் கிடந்தால் யாரோ ஏற்கெனவே பயன்படுத்திய கரைசல் என்று அர்த்தம், அது வெள்ளி. மூன்றில் எது இருந்தாலும் அப்புறப்படுத்த வேண்டியதுதான், எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தக் கேனைத் திறக்கவே வேண்டாம், சல்பர் டை ஆக்சைடு கொஞ்சம் இருந்தாலும் மூச்சு இறுகும்.

சரி, கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது, நெடியும் இல்லை. அப்போதும் நேராக பிலிமை அதில் போடாதீர்கள். 35 மி.மீ. ரோலின் முனையில் வீணாகப் போகும் நாக்கு இருக்கிறதே, அதில் ஒரு துண்டு வெட்டுங்கள். வெளிச்சத்திலேயே செய்யலாம். மருந்துப் பக்கத்தில், அதாவது வெள்ளி உப்பு பூசிய பக்கத்தில், ஒரு சொட்டு ஃபிக்ஸர் விட்டு 30 விநாடி பொறுங்கள். பிறகு துண்டு முழுவதையும் அதே ஃபிக்ஸரில் போட்டு அசைத்துக்கொண்டே கடிகாரத்தைப் பாருங்கள். சொட்டு விட்ட இடமும் சுற்றியுள்ள இடமும் வித்தியாசம் தெரியாமல் ஒன்றாகும் வரை ஆகும் நேரம்தான் தெளியும் நேரம், அதாவது பிலிம் கண்ணாடி மாதிரி ஆக எடுக்கும் நேரம். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்ய வேண்டும், டி-மேக்ஸ், டெல்டா போன்ற பிலிமுக்கு மூன்று மடங்கு. புது ரேபிட் ஃபிக்ஸரில் சாதாரண பிலிம் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிடும். அதே பிலிம் புதுக் கரைசலில் எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு எடுத்தால் அந்தக் கரைசலின் கதை முடிந்தது.

பலர் ஏமாறுவது இதற்கு அப்புறம்தான். துண்டு தெளிந்துவிட்டது என்பதாலேயே ஃபிக்ஸர் நல்லது என்று ஆகாது. கரைசலில் ஏற்கெனவே வெள்ளி நிறைந்திருந்தால் பிலிம் பார்வைக்குத் தெளியும், ஆனால் தண்ணீரில் கரையாத வெள்ளிக் கூட்டுப்பொருள் பிலிமின் ஜெலட்டின் பூச்சுக்குள் தங்கிவிடும். எவ்வளவு கழுவினாலும் வராது. இன்று கண்ணாடி மாதிரி இருக்கும் நெகட்டிவ் சில வருடம் கழித்து மஞ்சளாக, பழுப்பாகக் கறை பிடிக்கும். பிரிண்ட் பேப்பரில் இது இன்னும் மோசம், ஏனென்றால் பேப்பர் தெளிகிறதா என்று கண்ணால் பார்க்கவே வழியில்லை. இதைப் பிடிக்க 5 சதவீத பொட்டாசியம் அயோடைடு கரைசலில் சில துளிகளை ஃபிக்ஸரில் விடுவார்கள். மஞ்சள் கலந்த வெள்ளைப் படிவு விழுந்து, அசைத்தும் கரையாமல் நின்றால் வெள்ளி மிஞ்சிவிட்டது. ரேபிட் ஃபிக்ஸரில் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது, அது படிவைக் கரைத்துவிடக்கூடும்.

அந்தக் கேன் யார் எப்போது கலந்தது, எத்தனை ரோல் பார்த்தது என்று உங்களுக்கே தெரியாது. நான் என்றால் சோதனைகூட செய்ய மாட்டேன், அப்புறப்படுத்திவிடுவேன். டார்க் ரூம் சாமான்களிலேயே மலிவு ஃபிக்ஸர்தான். அதை மிச்சம் பிடிக்கப் போய், திரும்ப எடுக்க முடியாத படங்களைப் பணயம் வைப்பானேன்? ஏற்கெனவே அதில் ஒரு ரோல் கழுவிவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். நெகட்டிவ் பால் மாதிரியோ ஊதா சாயலாகவோ இருந்தால், புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டு நன்றாகக் கழுவுங்கள். சீக்கிரம் செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

பவுடர் பாக்கெட் விஷயம் வேறு. ஈரம் படாத ஹைப்போ வெகு காலம் கெடாது. கட்டியாக இறுகியிருந்தாலும் தப்பில்லை. அந்தப் படிகம் 48 டிகிரி செல்சியஸிலேயே தன் நீரில் தானே உருகிவிடும், தகரக் கூரைக்குக் கீழ் இருந்தால் கேட்கவே வேண்டாம். வெள்ளையாக இருக்கிறதா, பாக்கெட் கிழியவில்லையா, அச்சிட்ட லேபிள் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் கலக்கலாம். மஞ்சள் தட்டியிருந்தால் விடுங்கள். பாதி பாக்கெட் மட்டும் கலக்காதீர்கள், ஹைப்போவோடு வேறு பொருட்களும் சேர்த்திருந்தால் அவை உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்திருக்கும். ஹைப்போ கரையும்போது தண்ணீரைக் குளிரவைக்கும், அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்குங்கள். கலந்த பிறகு பிலிம் நாக்குச் சோதனையைச் செய்துவிட்டு, அதன் பிறகே ரோலைப் போடுங்கள்.

கொட்டுவதிலும் கவனம் வேண்டும். ஃபிக்ஸரோடு ப்ளீச்சிங் பவுடரோ பாத்ரூம் கழுவும் அமிலமோ சேரவே கூடாது. அமிலம் பட்டால் சல்பர் டை ஆக்சைடு, ரேபிட் ஃபிக்ஸரில் ப்ளீச்சிங் பட்டால் குளோரமின், இரண்டுமே நுரையீரலைத் தாக்கும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பயன்படுத்தாத கரைசல் என்று உறுதியாகத் தெரிந்தால், நிறைய தண்ணீர் விட்டு நகராட்சிச் சாக்கடையில் ஊற்றலாம். பயன்படுத்தியதை ஊற்றக் கூடாது, செப்டிக் டேங்கிலோ தோட்டத்திலோ கிணற்றோரமோ கூடவே கூடாது. அதிலுள்ள வெள்ளி அங்குள்ள நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். உங்கள் கேனையும் பயன்படுத்தியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுக்கும் இடங்களிலிருந்து கழிவு ஃபிக்ஸரை வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் உண்டு, அவர்களிடம் கொடுப்பதுதான் நல்ல வழி. ஆள் கிடைக்கவில்லை என்றால் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, எண்ணெய் நீக்கிய இரும்பு நார் போட்டு இரண்டு வாரம் விடுங்கள். இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்புச் சகதியாக அடியில் இறங்கும். வாளியை வெளியில் காற்றோட்டமாக வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே ஹைட்ரஜன் சேரும்.