ஐயா ஓட்டுன ராலேக்கு பெயின்ட் அடிக்கலாமா? கொஞ்சம் பொறுங்க தம்பி

தேவகோட்டைப் பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பூர்வீக வீட்டுல இரண்டாம் கட்டு சாமான் ரூமைத் திறந்தப்ப, அவங்க ஐயா, அதான் தாத்தா, பினாங்குல இருந்து கப்பல்ல கொண்டு வந்த ராலே சைக்கிள் கிடைச்சிருக்கு. கருப்பு கலர், கம்பி பிரேக்கு, தோல் சீட்டு, எங்க பார்த்தாலும் துரு. பின் சக்கர ஹப்புல ஸ்டர்மி ஆர்ச்சர்னு போட்டு பக்கத்துல ஏ.டபிள்யூ 51ன்னு அடிச்சிருக்கு. பட்டறைக்காரர் ஒருத்தர் மொத்தமா சுரண்டி பவுடர் கோட்டிங் போட்டு புதுசா ஆக்கித் தர்றேன்னு சொல்றாராம். அடிக்கலாமா, எந்த வருஷத்து வண்டி, திரும்ப ஓட்ட முடியுமா, இதையே ஹாபியா எடுத்து இன்னும் ரெண்டு மூணு வண்டி சேர்க்கணும்னா எப்படி, இதான் கேள்வி.

பெயின்ட் அடிக்காதீங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல அந்தப் பட்டறைக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இருபது வருஷத்துக்கு முன்னாடி எனக்கு கோட்டையூர்ல ஒரு ஹம்பர் கிடைச்சது, முன் ஃபோர்க் ரெட்டைக் குழாயா இருக்கும், செயின்வீலுக்குள்ள அஞ்சு மனுசங்க ஓடுற மாதிரி வெட்டியிருப்பாங்க, அப்படி ஒரு வண்டி. அதை ஒரு பட்டறையில கொடுத்து மணல் அடிச்சு பளபளன்னு பெயின்ட் போட்டு வாங்குனேன். வாங்கிட்டு வந்து திண்ணையில நிறுத்திப் பார்த்தப்பதான் தெரிஞ்சது, மட்கார்டுல கையால இழுத்திருந்த தங்கக் கோடு போச்சு, சீட் குழாய் மேல இருந்த எழுத்து போச்சு, பார்ல அந்தக் காலத்து ஆள் கால் போட்டுப் போட்டு தேய்ஞ்ச தடம்கூட போச்சு. எந்தக் காசு கொடுத்தாலும் அதைத் திரும்ப வரவழைக்க முடியாது. பெயின்ட் எத்தனை தடவை வேணும்னாலும் அடிக்கலாம், ஒரிஜினல் ஒரே ஒரு தடவைதான் இருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னிக்கும் போகல, உங்களுக்கு அது வரவேணாம்.

அதுவுமில்லாம அந்தக் காலத்து கருப்பு வந்து சூளையில சுட்ட எனாமல், மேல அழுக்கும் பழைய எண்ணெயும் துருப் பொடியும் சேர்ந்து படிஞ்சு கிடக்குறதால செத்துப்போன மாதிரி தெரியும், தொடச்சுப் பார்த்தா பாதிக்கு மேல உயிரோடதான் இருக்கும். பெடல் அச்சு வர்ற குழாய்க்கு அடியில யார் கண்ணுலயும் படாத ஒரு இடத்துல முதல்ல சோதிச்சுப் பாருங்க. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் ஷாம்பு, பழைய பனியன் துணி, அவ்வளவுதான். தின்னர் பக்கமே போகாதீங்க, தங்க எழுத்து துணியோட வந்துடும். முன்னாடி ஹேண்டில் குழாய்ல நாரைத் தலை போட்ட பேட்ஜ் இருக்கும் பாருங்க, அதைப் பார்த்ததும் நம்ம வீட்டு ஆச்சிமார் பித்தளைன்னு நினைச்சு புளி போட்டுத் தேய்க்க வருவாங்க, விடாதீங்க, பள்ளத்துல இருக்குற கலர் எல்லாம் போயிடும்.

அழுக்கு எடுத்து நல்லா காய்ஞ்சப்புறம் லின்சீட் ஆயில், காய்ச்சுனது, அதாவது பாயில்டுன்னு கேட்டு வாங்கணும், நம்ம ஊர்ல தேக்குக் கதவு நிலைக்குத் தடவுறாங்களே அதேதான், ஆசாரிங்களைக் கேட்டா எங்க கிடைக்கும்னு சொல்லிடுவாங்க. அதைத் துணியில தொட்டு ரொம்ப மெல்லிசா தடவி, அரை மணி நேரம் விட்டு, வேற துணியால மிச்சத்தை எல்லாம் துடைச்சு எடுத்துடுங்க. ரெண்டு நாள்ல இறுகி மெல்லிசா ஒரு படலம் பிடிச்சுக்கும், பெயின்ட் போன இடத்துல இருக்குற துருவையும் அப்படியே பிடிச்சு நிறுத்தும், கருப்பும் ஆழமா தெரியும். ஒரு எச்சரிக்கை, அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, அது காயும்போது சூடாகி தானாவே தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்லைன்னா தண்ணியில முக்கிடுங்க. தேக்கு மரம் நிறைஞ்ச வீட்டுல இதுல விளையாடக்கூடாது.

குரோமியம் போட்ட சாமான்ல வர்ற துரு வேற கதை. முலாம்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்கும், அது வழியா ஈரம் உள்ள போய் இரும்பைத் துருவாக்கி அந்தத் துரு மேல கக்கும், அதான் புள்ளி புள்ளியா தெரியுது. கீழ இன்னும் குரோமியம் இருக்கு. (அரிப்பையே ஆராய்ச்சி பண்றதுக்கு நம்ம காரைக்குடியில அழகப்பச் செட்டியார் கொடுத்த இடத்துல ஒரு பெரிய மத்திய ஆய்வகம் இருக்கு, 1948ல நேரு அடிக்கல் வெச்சது, துருவைப் பத்திப் பேசுறதுக்கு இதை விடப் பொருத்தமான ஊர் ஏது சொல்லுங்க.) ஹேண்டில்பார், ரிம் மாதிரி பெரிய சாமானுக்கு அலுமினியம் ஃபாயிலைக் கசக்கித் தண்ணியில தொட்டுத் தேய்ச்சாலே போதும். நட்டு, பிரேக் கம்பி, கிளிப்பு மாதிரி சின்னச் சாமானை ஆக்சாலிக் ஆசிட்ல ஊறப்போடலாம், மொசைக் தரை பாலிஷ் போடுறவங்க பயன்படுத்துற அதே வெள்ளைப் பொடி, லிட்டருக்கு 20, 30 கிராம் போட்டா போதும், ராத்திரி ஊறட்டும், காலையில எடுத்து ஆப்பசோடா தண்ணியில அலசி உடனே துடைச்சு எண்ணெய் போடுங்க, காத்துல விட்டா அரை மணியில புதுத் துரு வந்துடும். அது விஷம், கையுறை போடாம தொடாதீங்க, சமையல் பாத்திரத்துல கலக்காதீங்க, குழந்தைங்க ஆடு மாடு வாய் வைக்காத இடத்துல பிளாஸ்டிக் வாளியில மூடி வைங்க. அலுமினியச் சாமானை அதுல போடாதீங்க.

வருஷம் கேட்டீங்க. நீங்களே பதிலை எழுதி அனுப்பிட்டீங்க தம்பி. ஏ.டபிள்யூங்கிறது ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1936ல விட்ட மூணு கியர் ஹப்பு, 51ங்கிறது அந்த ஹப்பு செஞ்ச வருஷம், 1951. இன்னும் நல்லா தொடச்சுப் பார்த்தா பக்கத்துல 1ல இருந்து 12க்குள்ள ஒரு நம்பர் இருக்கலாம், அது மாசம். வண்டி அந்த வருஷமோ அதுக்குக் கொஞ்சம் அப்புறமோ இங்கிலாந்துல ராலே ஃபேக்டரி இருந்த நாட்டிங்காம்ல பூட்டியிருப்பாங்க. நடுவுல யாராச்சும் சக்கரம் மாத்தியிருந்தா கணக்கு தப்பும், ஆனா மலாயாவுல இருந்து நேரா வந்து உங்க சாமான் ரூம்ல படுத்த வண்டிங்கிறதால அதுக்கு வாய்ப்பு கம்மி. பின் சக்கரத்துல போக்ஸ் கம்பி 40ம் முன்னாடி 32ம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க, இருந்தா அந்தக் காலத்து இங்கிலீஷ் பழக்கப்படி சரியா இருக்குன்னு அர்த்தம். முன்னாடி ஃபோர்க்குலயோ விளக்குக் கொக்கியிலயோ பஞ்சாயத்து வரி கட்டுன சைக்கிள் பில்லை தொங்குனா அதைக் கழட்டவே கழட்டாதீங்க, அந்த ஒரு தகரத் துண்டுதான் இந்த வண்டி எந்த ஊர்ல ஓடுச்சுன்னு சொல்லும்.

ஓட்டலாமா? தாராளமா ஓட்டலாம், ஆனா ஓவராயில் பண்ணாம ஒரு மிதிகூட மிதிக்காதீங்க. உள்ள கிரீஸ் எல்லாம் பிசின் மாதிரி இறுகியிருக்கும், அப்படியே சுத்துனா பால்ரஸ் (குண்டு பேரிங்) உருளுற கோனும் கப்பும் கீறிடும், புதுசு கிடைக்கிறது கஷ்டம்.

ஓவராயில்ல எல்லாரும் தப்பு பண்ற இடம் காட்டர் பின். கிராங்கை, அதாவது பெடல் மாட்டுற கையை, அச்சோட பிடிச்சிருக்குற அந்தச் சின்ன ஆப்பு எழுபது வருஷமா இறுகியிருக்கும். பட்டறையில சுத்தியலால டொக் டொக்குனு அடிப்பாங்க, மரை வளைஞ்சு பின் உள்ளயே மாட்டிக்கும், அந்த அடி எல்லாம் பால்ரஸ் மேல இறங்கி கப்புல குழி விழும். நீங்க மூணு நாள் முன்னாடியே துரு இளக்குற எண்ணெய் விட்டு ஊறவைங்க, தினம் காலையிலயும் சாயங்காலமும். அப்புறம் கிராங்குக்கு அடியில ஒரு கனமான இரும்புக் குழாயைத் தரையில இருந்து முட்டுக் கொடுங்க, பின் இறங்குறதுக்குக் குழாய்க்குள்ள ஓட்டை இருக்கும்ல அதுக்குத்தான், நட்டை முழுசா கழட்டாம மரையோட நுனி மட்டத்துக்குத் திருப்பி வெச்சு, கனமான சுத்தியலால நேரா ஒரே அடி. பயந்து பயந்து பத்து அடி அடிக்கிறதை விட தைரியமா ஒரு அடிதான் வண்டிக்கு நல்லது. புதுக் காட்டர் போடும்போது சரிவுப் பக்கத்தை அரத்தால கொஞ்சம் கொஞ்சமா ராவிப் பொருத்துங்க, ரெண்டு பக்கமும் பின் எதிர் எதிர்த் திசையில போகணும், இல்லைன்னா பெடல் ரெண்டும் நேர்க்கோட்டுல நிக்காது.

இன்னொரு விஷயம், ராலே பி.பி. (பாட்டம் பிராக்கெட், பெடல் அச்சு வர்ற இடம்) கப்போட மரை மத்த சைக்கிள் மாதிரி இல்ல. மத்ததுல ஒரு இன்ச்சுக்கு 24 மரை, ராலேல 26. கடையில வாங்குன கப்பை முறுக்கி ஏத்துனா ஃபிரேம் மரையே போயிடும், அதனால பழைய கப்பையே சுத்தம் பண்ணிப் போடுங்க, செயின் பக்கத்துக் கப்பு நல்லா இருந்தா கழட்டவே வேணாம், அதுக்கு மரை தலைகீழ் வேற. இடது பெடலுக்கும் தலைகீழ்தான். பால்ரஸ் மட்டும் மொத்தமா புதுசு போடுங்க, பி.பி.க்கு கால் இன்ச், பக்கத்துக்கு 11. முன் ஹப்புக்கு 3/16 இன்ச், பக்கத்துக்கு 10. கழட்டுற ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல படம் எடுத்து வெச்சுக்குங்க.

ஏ.டபிள்யூ ஹப்பைப் பிரிக்காதீங்க. நடுவுல சின்ன மூடி போட்ட எண்ணெய் ஓட்டை இருக்கும், கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு சக்கரத்தைச் சுத்தி வடிய விட்டு, அப்புறம் மெல்லிசான மெஷின் ஆயில் விடுங்க, அனேகமா அதுலயே உயிர் வந்துடும், அம்புட்டு கெட்டியான ஹப்பு அது. கியர் செட்டிங் முக்கியம். ரெண்டாவது கியர்ல வெச்சு வலது பக்க நட்டுல இருக்குற சின்ன ஜன்னல் வழியா பாருங்க, உள்ள இருக்குற கம்பியோட தோள் அச்சு முனைக்கு மட்டமா நிக்கணும். தப்பா இருந்தா ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல பிடிமானமே இல்லாம பெடல் வழுக்கும், எழுந்து நின்னு மிதிக்கும்போது அப்படி ஆச்சுன்னா பார்ல விழுந்து அடிபடும்.

தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீங்க, தோல் தொளதொளன்னு ஆகி தொட்டில் மாதிரி தொங்கிடும். தேன்மெழுகு கலந்த தோல் பாலிஷ் மெல்லிசா, அடியிலயும் சேர்த்து. காய்ஞ்ச தோலை முன்னாடி இருக்குற போல்ட்டை முறுக்கி இழுக்காதீங்க, கிழிஞ்சிடும். டயர் பத்திக் கவலையே இல்ல, கம்பி பிரேக்கு வண்டின்னா பெரும்பாலும் 28க்கு ஒன்றரை சைஸ்தான், நம்ம ஊர்ல எந்த சைக்கிள் கடையிலயும் இன்னும் கிடைக்குது. பிரேக் கட்டையை மட்டும் கண்டிப்பா மாத்துங்க, பழைய ரப்பர் கல்லு மாதிரி ஆகியிருக்கும். புதுசு போட்டாலும் இரும்பு ரிம்ல மழைத் தண்ணி பட்டா பிரேக் பாதிகூடப் பிடிக்காது.

இன்னும் வண்டி சேர்க்கணும்னா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல பாருங்க, ஆனா பெயின்ட் அடிச்சு மினுக்குற வண்டியை விட்டுட்டு தூசியோட கிடக்குறதைக் கேளுங்க. பேட்ஜ்ல மூணு துப்பாக்கி சாய்ச்சு வெச்சிருந்தா பி.எஸ்.ஏ., கை விரிச்ச மாதிரி இருந்தா ரட்ஜ். மேட் இன் இங்கிலாந்துன்னு இருந்தாத்தான் மதிப்புன்னு சிலர் சொல்வாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அம்பத்தூர்ல ஹெர்குலிஸ் செய்ய 1949ல இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோட கூட்டு சேர்ந்தது நம்ம பள்ளத்தூர் முருகப்பா குடும்பம், அந்த ஆரம்ப கால ஹெர்குலிஸ் ஒண்ணு ஒரிஜினல் பெயின்ட்டோட கிடைச்சா விடாதீங்க, செட்டிநாட்டுல சைக்கிள் சேர்க்குறவன் வீட்டுல அது இருந்தே ஆகணும்.

வீடுகள்ல நேரா வாங்கப் போனா ஒண்ணு கவனிங்க. நம்ம பக்கத்து வீடு எல்லாம் பங்காளிங்க பொதுவுல இருக்குறது, சாவி வெச்சிருக்குறவரு வித்துடுவாரு, அடுத்த மாசம் சென்னையில இருந்து இன்னொரு பங்காளி வந்து எங்க தாத்தா வண்டி எங்கேன்னு நிப்பாரு. எல்லார்கிட்டயும் போன்ல ஒரு வார்த்தை கேட்டு, ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிட்டு எடுங்க. உங்க ராலேக்கும் இதே நியாயம்தான் தம்பி, பங்காளிங்ககிட்ட சொல்லிட்டீங்களா?

காட்டர் அடிக்கிற அன்னிக்கு வண்டியைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும், உங்க அப்பச்சியையே, அப்பாவைத்தான் சொல்றேன், கூப்பிடுங்க, ஐயா ஓட்டுனதைப் பார்த்த கண்ணு அவருதுதானே. எல்லாம் பூட்டுன அன்னிக்கே தேவகோட்டையில இருந்து காரைக்குடி வரைக்கும் போயிடாதீங்க, ஊருக்குள்ள நாலஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து காட்டர் நட்டை இன்னொரு தடவை முறுக்குங்க, புதுப் பின்னு முதல் ஓட்டத்துல கண்டிப்பா கொஞ்சம் தளரும்.