பௌர்ணமியை ஒட்டி டோக்கியோ போகலாமா?

கேள்வி: என் மகள் நான்கு வயதுப் பேரனோடு அடுத்த மாதம் டோக்கியோ போகிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. டிக்கெட் எடுத்தாயிற்று. போய் இறங்கும் நாள் பௌர்ணமிக்கு முதல் நாள். அந்த வாரம் கிரகங்கள் ஒரே வரிசையில் நிற்பதால் ஜப்பானில் பெரிய நிலநடுக்கம் வரும் என்று யூடியூபில் ஒருவர் படம் வரைந்து காட்டுகிறார். 2004 சுனாமியும் பௌர்ணமியன்றுதானே வந்தது? பயணத்தைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லலாமா?
(கோவை வாசகி ஒருவர்)

பதில்: தள்ள வேண்டாம் அம்மா. உங்கள் மகள் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, குடியிருக்கப் போகிறார். வருடத்துக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து அமாவாசை பௌர்ணமிகள் வரும். ஒன்றுக்குத் தப்பித்து மீதியை என்ன செய்வது?

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயமானது. நிலா இழுப்பது கடலை மட்டுமல்ல, நாம் நிற்கும் தரையையும்தான். தினமும் இரண்டு முறை, இடத்துக்கு ஏற்ப இருபது முப்பது சென்டிமீட்டர் வரை தரை ஏறி இறங்குகிறது. ஊரே சேர்ந்து ஏறி இறங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் இந்த ஏற்ற இறக்கம் கூடும். பூமிக்குள் பாறைகள் ஒன்றோடொன்று உரசிப் பூட்டிக்கொண்டு நிற்கும் பிளவுகளின் மேலும் அந்த இழுப்பு விழத்தான் செய்யும்.

எவ்வளவு விழும் என்பதுதான் கேள்வி. சில கிலோபாஸ்கல். கார் டயரில் அடிக்கும் காற்றழுத்தத்தில் நூறில் ஒன்றிரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலநடுக்கத்தில் பிளவு விடுவிக்கும் இறுக்கமோ இதைப்போல் சில நூறு மடங்கு முதல் சில ஆயிரம் மடங்கு வரை. அந்த இறுக்கம் நூறு வருடமோ அதற்கு மேலோ கண்டத் தட்டுகள் நகர்ந்து நகர்ந்து சேர்த்து வைத்தது. உடையும் தறுவாயில் இருக்கும் பிளவுக்கு நிலா ஒரு விரல் தள்ளு கொடுக்கலாம். உடையாத பிளவை உடைக்க அதற்குத் தெம்பில்லை.

விரல் தள்ளு எடுபடும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஆக்சியல் என்ற கடலடி எரிமலையில் சின்னச் சின்ன அதிர்வுகள் கடல் வற்றும் நேரத்தில் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். மேலே தண்ணீர்ப் பாரம் குறைய, கீழே பாறைக் குழம்பு உப்பிப் பிளவைத் தளர்த்துகிறது. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் ஆழத்தில் நடக்கும் நுண்ணதிர்வுகளும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன. நிலாவின் கதை இன்னும் வேடிக்கை. 1969 முதல் 1977 வரை அங்கே இயங்கிய அப்பல்லோ கருவிகள், சுமார் 700 முதல் 1,100 கிலோமீட்டர் ஆழத்தில் மாதாமாதம் முறை வைத்து வரும் நடுக்கங்களைப் பதிவு செய்தன. காரணம் பூமியின் இழுப்பு. நிலாவால் நாம் நடுங்குகிறோமோ இல்லையோ, நம்மால் அது நடுங்குகிறது!

சரி, ஆளைக் கொல்லும் பெரிய நிலநடுக்கம்? ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். 1995 ஜனவரி 17 கோபே நடுக்கம் பௌர்ணமியை ஒட்டித்தான் வந்தது. யூடியூப்காரர் அதை விடமாட்டார். ஆனால் 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவையும் யோகோஹாமாவையும் அழித்தது தேய்பிறை அரை நிலாவுக்கு இரண்டு நாள் முன்பு. 2011 மார்ச் 11 சுனாமி நடுக்கம், வளர்பிறை அரை நிலாவுக்கு முதல் நாள். 2016 ஏப்ரல் 14 குமமோட்டோவில் முதல் அதிர்ச்சி, அரை நிலாவன்றே. 2024 புத்தாண்டன்று நோட்டோவில், அரை நிலாவுக்கு மூன்று நாள் முன்பு. நம் பக்கத்திலும் அப்படித்தான்: 1900 பிப்ரவரி 8 அன்று உங்கள் கோவையைக் குலுக்கிய 6.0 அளவு நடுக்கமும், 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் தோன்றிச் சென்னையை வீதிக்கு வரவழைத்ததும் அரை நிலாவை ஒட்டியவை. எனக்கு மனசாட்சி இல்லையென்றால் 'அஷ்டமி நவமியில் பூமி ஆடும்' என்று நானும் ஒரு சேனல் தொடங்கலாம்.

இப்படிப் பொறுக்கி எடுத்தால் எதையும் நிரூபிக்கலாம். 2004 டிசம்பர் 26 பௌர்ணமி என்பது உண்மை. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் முன்பின் மூன்று நாள் சலுகை கொடுங்கள், மாதத்தில் பதினான்கு நாள் உள்ளே வந்துவிடும். பூவா தலையா போடுவதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை.

முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2016ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சாத்தோஷி இடே குழு, நிலா சூரிய இழுப்பு வலுவாக இருக்கும் நாட்களில் சிறிய நடுக்கம் பெரிதாக வளரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்று காட்டியது. 2004 சுனாமியைக் கிளப்பிய சுமத்ரா நடுக்கம் அவர்கள் சொன்ன உதாரணங்களில் ஒன்று. 2018ல் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் சூசன் ஹஃப், நான்கு நூற்றாண்டுகளின் 8.0க்கு மேற்பட்ட 204 நடுக்கங்களை எடுத்து, நிலாவின் எந்த நாளையாவது அவை விரும்புகின்றனவா என்று ஆராய்ந்தார். அந்தக் கட்டுரையின் சுருக்கம் ஒரே சொல்: இல்லை.

இரண்டும் நேருக்கு நேர் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. இடே குழு பார்த்தது திதியை அல்ல, குறிப்பிட்ட பிளவு கிடக்கும் சாய்வில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை. அவர்கள் கணக்கிலும் கூடுவது வாய்ப்பு மட்டும்தான், அதுவும் கொஞ்சம். அதை வைத்து யாரும் விமானத் தேதி குறிக்க முடியாது.

கிரக வரிசைக்கு வருவோம். ஓத இழுப்பு, அதாவது கடலையும் தரையையும் ஏற்றி இறக்கும் இழுப்பு, தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும்: தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு எட்டில் ஒன்று. சூரியனின் எடை நிலாவைப்போல் இரண்டே முக்கால் கோடி மடங்கு. ஆனால் தூரம் ஏறக்குறைய 390 மடங்கு என்பதால் அதன் ஓத இழுப்பு நிலாவில் பாதிகூட இல்லை. சுக்கிரன் மிக அருகே வரும்போதும் நிலாவில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. வியாழன் ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. சனி அதற்கும் கீழே. எல்லோரும் வரிசை கட்டி நின்று இழுத்தாலும் கூட்டுத்தொகை ஒன்றும் தேறாது. ராகுவும் கேதுவும் நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். புள்ளிக்கு எடை ஏது?

இதை உலகம் ஒரு முறை சோதித்தும் பார்த்துவிட்டது. 1982 மார்ச்சில் கிரகங்கள் சூரியனுக்கு ஒரே பக்கம் கூடும்போது சான் ஆண்ட்ரியாஸ் பிளவு உடைந்து லாஸ் ஏஞ்சலீஸ் அழியும் என்று 1974லேயே புத்தகம் வந்து பரபரப்பாக விற்றது. கிரகங்கள் கூடின, கலைந்தன. லாஸ் ஏஞ்சலீஸ் அங்கேயே இருக்கிறது. 2023 பிப்ரவரி 3 அன்று கிரக நிலையை வைத்து ஆரூடம் சொல்லும் நெதர்லாந்துக்காரர் ஒருவர் துருக்கிப் பகுதியில் 7.5 அளவு நடுக்கம் வரும் என்று எழுத, மூன்றே நாளில் 7.8 வந்தது. உலகமே அதிர்ந்தது. அவர் எழுதிய சொற்களை மீண்டும் படியுங்கள்: 'இப்போதோ பிறகோ, என்றாவது ஒருநாள்' என்ற பொருளில்தான் எழுதியிருந்தார். தேதி இல்லை. அந்தப் பிளவுகள் ஆபத்தானவை என்பது நிலவியலாளர்களுக்கு ஏற்கனவே தெரியும். நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை யாராலும் முடிந்ததில்லை.

அப்புறம் ஜப்பானில் உணரக்கூடிய நடுக்கங்கள் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல். அங்கே 'அந்த வாரம் ஆடும்' என்று சொல்பவர் தோற்கவே மாட்டார். உங்கள் பேரனும் சில மாதத்துக்குள் ஒன்றை உணர்ந்துவிடுவான். அதற்குத் தயாராவதில்தான் உங்கள் கவலையைச் செலவழிக்க வேண்டும்.

முதலில், குடியிருக்கும் கட்டடம் எந்த வருடம் கட்டியது என்று மாப்பிள்ளையைக் கேளுங்கள். ஜப்பானில் வாடகை விளம்பரத்திலேயே அது இருக்கும். 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி பெற்றதாக இருந்தால் புதிய கட்டட விதிப்படி கட்டியது. மர வீடு என்றால் 2000க்குப் பிந்தியதாக இருந்தால் இன்னும் நல்லது. கோபேயில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் பழைய வீடுகளுக்கும் மரச்சாமான்களுக்கும் அடியில் நசுங்கியவர்கள். டிக்கெட்டை மாற்ற ஆகும் பணத்தில் அலமாரிக்கும் மேற்கூரைக்கும் இடையே கொடுக்கும் முட்டுக் கம்பிகள் வாங்கச் சொல்லுங்கள். ஆணி அடிக்காமல் பொருத்தலாம், வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். குழந்தை படுக்கும் இடத்துக்கு மேலே எதுவும் தொங்கக்கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு ஜோடி செருப்பு, கண்ணாடிச் சில்லுக்காக.

கைபேசியில் நிலநடுக்க எச்சரிக்கை இயங்குகிறதா என்று போன அன்றே பார்த்துவிடட்டும். அது ஜோசியம் இல்லை: வேகமான முதல் அலையைக் கருவிகள் பிடித்து, நாசம் செய்யும் இரண்டாவது அலை வருவதற்குச் சில விநாடிகள் முன்னால் அலறும். அலறினால் மேசைக்கு அடியில் போய் மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அடுப்பை அணைக்க ஓட வேண்டாம். அங்கே கேஸ் மீட்டர் பலத்த ஆட்டத்தில் தானாகவே நின்றுவிடும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பெரிய நடுக்கம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு லைன் அடைத்துக்கொள்ளும். செய்தியைப் பார்த்தவுடன் கோவையிலிருந்து திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். 'நல்லா இருக்கோம்' என்று அவர்கள் ஒரு வரி அனுப்பினால் போதும் என்று விமானம் ஏறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.