நிக்கல் நிறைந்த இலையைத் தின்னும் பூச்சி ஏன் சாவதில்லை?

காட்மியம், ஈயம், நிக்கல் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். சில செடிகள் மண்ணிலிருந்து இவற்றை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். தென்னாப்பிரிக்காவின் பெர்கேயா காடியை செடியில், உலர்ந்த இலையின் எடையில் 1 சதவீதத்துக்கும் மேல் நிக்கல் இருக்கலாம். சாதாரணப் புழுவுக்கு அது நஞ்சு. ஆனால் கிரைசோலினா இனத்து இலைவண்டு ஒன்று அதைத்தான் தின்று வாழ்கிறது!

உலோகம் உடலின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுப்பதுதான் ஆபத்து. அதனால் பூச்சிகள் முடிந்தவரை அதைக் குடலிலேயே மடக்கிவிடுகின்றன. காட்மியம், செம்பு போன்றவற்றை மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம் இறுகப் பிடித்துக்கொள்ளும். உடைந்த கண்ணாடித் துண்டைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். அப்புறம், அந்தக் குடல் செல்கள் உதிரும்போது உலோகமும் எச்சத்தோடு வெளியேறிவிடும். மேலே சொன்ன வண்டும் நிக்கலில் பெரும்பகுதியை எச்சத்தோடு கழித்துவிடுகிறது.

பூச்சி உலோகத்தைச் 'செரித்து அழித்துவிடுகிறது' என்று பலர் நினைக்கிறார்கள். உலோகம் ஒரு தனிமம், அதைச் செரிக்க முடியாது, எச்சம் விழுந்த மண்ணில் அது அப்படியே இருக்கும்.