அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் உங்களால் மறக்கவே முடியாத சீசன் எது?

ஆபர்ன் பல்கலைக்கழக அணியின் 2013 சீசன். இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

அப்போது அங்கேதான் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். ஆபர்ன், அலபாமா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அப்போது ஜார்டன்-ஹேர் ஸ்டேடியத்தில் 87,451 பேர் உட்காரலாம்; ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஊர் ஜனத்தொகையைவிட ஸ்டேடியத்துக்குள் கூட்டம் அதிகமாக இருக்கும். எனக்கு அந்த ஆட்டத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. போதாக்குறைக்கு நான் போய் இறங்கிய 2012இல் அணி படுமோசம். 12 ஆட்டத்தில் 3 வெற்றி. சொந்தக் கான்ஃபரன்ஸில், அதாவது அணி சேர்ந்திருக்கும் லீக்கில், ஆடிய எட்டிலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில், பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழகத்திடம் 49-0. கோச்சை அனுப்பிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர் கஸ் மால்ஸான். அவர் தேடிப் பிடித்த குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி, வீசி, ஆட்டத்தை நடத்துபவர்) நிக் மார்ஷல் அதற்கு முன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். அங்கிருந்து நீக்கப்பட்டு, கான்சஸில் ஒரு ஜூனியர் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தார். பந்து வீசுவதைவிட அதை வைத்துக்கொண்டு ஓடுவதில் கெட்டி. மால்ஸானுக்கு வேண்டியதும் அதுதான். அந்த வருஷம் ஆபர்ன் ஓடியே ஜெயித்தது.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே 14 லீக் ஆட்டத்தில் ஐந்து தோற்றாலும் ப்ளே-ஆஃப் போகலாம். கல்லூரி ஃபுட்பாலில் மொத்தமே 12. 2013இல் அரையிறுதி என்ற ஒன்றே கிடையாது. தரவரிசையில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகள் மட்டும் இறுதிப் போட்டி ஆடும். ஒரு தோல்வி என்றாலே கழுத்தில் கத்தி. ஆபர்ன் செப்டம்பரிலேயே எல்எஸ்யுவிடம் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 35-21 என்று தோற்றுவிட்டது. பிறகு வரிசையாக ஜெயித்தும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 16, ஜார்ஜியாவுடன் ஆட்டம். ஆபர்ன் கடைசிக் கால்பகுதியில் 37-17 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, 38-37 என்று பின்தங்கினார்கள். நான்காவது முயற்சி, அதாவது கடைசி வாய்ப்பு; 18 யார்டு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. மார்ஷல் பந்தை விட்டெறிந்தார். ஜார்ஜியாக்காரர்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பந்துக்குப் பாய்ந்து ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொள்ள, தட்டுப்பட்ட பந்து பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஆபர்னின் ரிக்கார்டோ லூயிஸ் கையில் போய் விழுந்தது. 73 யார்டு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி). மீதம் 25 விநாடி. இதற்கு மேல் ஒரு அதிர்ஷ்டம் இருக்க முடியாது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து அலபாமா ஆட்டம். 'அயர்ன் பவுல்' என்பார்கள். அலபாமா தொடர்ந்து இரண்டு வருஷம் சாம்பியன், அன்றைக்கும் முதலிடம். டிக்கெட் வாங்க வசதியில்லாமல், ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டிலேயே ஐந்தாறு பேர் டிவி முன்னால் உட்கார்ந்தோம். வீட்டில் ஒரு தொல்லை: ஒளிபரப்பு சில விநாடி தாமதமாக வரும், ஸ்டேடியத்தின் சத்தமோ ஜன்னல் வழியாக உடனே வந்துவிடும். நல்லதா கெட்டதா என்று படம் வருவதற்குள் தெரிந்துவிடும்.

32 விநாடி இருக்கும்போது மார்ஷல் ஓடுவதுபோல் போக்குக் காட்டி சட்டென்று பந்தை வீச, 28-28. அடுத்து அலபாமா ஓடிப் பார்த்தது, கடிகாரம் பூஜ்யம். அலபாமா கோச் நிக் சேபன் விடவில்லை, ஒரு விநாடி பாக்கியிருக்கிறது என்று வாதாடினார். ரீப்ளே பார்த்து அந்த ஒரு விநாடியைக் கொடுத்தார்கள். அதை வைத்து 57 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) அடிக்க முடிவு செய்தார். மால்ஸான் டைம்-அவுட் கேட்டு, கோல் கம்பத்துக்குக் கீழே கிறிஸ் டேவிஸ் என்பவரை நிறுத்தினார். அடித்த பந்து எட்டாமல் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடலாம் என்று விதி இருக்கிறது. அப்படி ஓடுவது ரொம்ப அபூர்வம் என்பதால் எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

டிவியில் இன்னும் பந்தை உதைக்கவில்லை. ஜன்னலில் சத்தம் வந்துவிட்டது. "மிஸ்ஸுடா!" என்றான் ரூம்மேட். சரி, ஓவர்டைம் என்று நான் டீ போட எழுந்தேன். ஆனால் சத்தம் அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. படத்தில் அப்போதுதான் டேவிஸ் பந்தைப் பிடித்தார். இடது ஓரமாக ஓட ஆரம்பித்தார். ஃபீல்டு கோலுக்கு நிற்கிறவர்கள் பெரும்பாலும் மலை மாதிரி ஆட்கள். தடுக்கத்தான் லாயக்கு, துரத்த ஆகாது. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிவிட்டார். 34-28.

அப்புறம் டூமர்ஸ் கார்னர். ஜெயித்தால் அந்த நாற்சந்திக்குப் போய் மரத்தின் மேல் டாய்லெட் பேப்பரை வீசுவது ஊர் வழக்கம். அங்கிருந்த பழைய ஓக் மரங்களுக்கு 2010இல் ஓர் அலபாமா ரசிகர் விஷம் வைத்து, ரேடியோவுக்கு போன் போட்டுப் பெருமையடித்தும்கொண்டார். பட்டுப்போன மரங்களை 2013 ஏப்ரலில் வெட்டிவிட்டார்கள். அதனால் அந்த வருஷம் கம்பி கட்டி விட்டிருந்தார்கள். வீட்டில் இருந்த அத்தனை ரோலையும் அள்ளிக்கொண்டு போய் வீசினோம். மறுநாள் காலையில் எங்களுக்குத் தண்ணீர்தான் கதி. அதில் நமக்கென்ன, பழக்கம்தானே.

அடுத்த வாரம் மிசௌரியை 59-42 என்று ஜெயித்தார்கள். ஆபர்னின் ட்ரே மேசன் 46 முறை பந்தோடு ஓடி 304 யார்டு. மற்ற ஊர்களிலும் முடிவுகள் சாதகமாக வர, இறுதிப் போட்டி கிடைத்தது.

2014 ஜனவரி 6, கலிஃபோர்னியா, ரோஸ் பவுல் மைதானம். எதிரில் தோல்வியே காணாத ஃப்ளோரிடா ஸ்டேட். ஆபர்ன் 21-3 என்று முன்னிலை, பிறகு இழுபறி. 1 நிமிடம் 19 விநாடி இருக்கும்போது மேசன் ஓடிப்போய் டச்டவுன் போட்டு 31-27 ஆக்கினார். அதே ஆட்கள், அதே சோஃபா. ரூம்மேட் பேப்பர் ரோல்களை வாசலிலேயே தயாராக அடுக்கி வைத்திருந்தான். ஃப்ளோரிடா ஸ்டேட் 80 யார்டு நகர்ந்து வந்து, ஜேமிஸ் வின்ஸ்டன் வீசிய பந்தை கெல்வின் பெஞ்சமின் எம்பிப் பிடித்தபோது மீதம் 13 விநாடி. 34-31.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஸ்டேடியம் இருட்டாகக் கிடந்தது. இந்த முறை எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல யாரும் இல்லை.